சிங்கப்பூர் – கோலாலம்பூர்: ஒரு மணி நேர விமானமா, ஆறு மணி நேரப் பேருந்தா?

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். சாலை வழியே 350. விமானத்துக்கு ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும், பேருந்துக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரமும் ஆகும் என்று கால அட்டவணைகள் சொல்கின்றன. வேகத்தைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை. ஆயினும், வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம் வரை ஆகும் நேரத்தைக் கணக்கிட்ட பிறகு, வார நாள்களில் நான் பேருந்தையே தேர்ந்தெடுத்து வருகிறேன்.

சாங்கி விமான நிலையத்துக்குப் புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது வழக்கம். மறுமுனையில் விமானம் இறங்குவது கோலாலம்பூரில் அல்ல, நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிப்பாங்கில். குடிநுழைவுச் சோதனையை முடித்து விரைவு ரயிலில் ஏறினால், முதலாம் முனையத்திலிருந்து 28 நிமிடங்களிலும், மலிவுக் கட்டண விமானங்கள் வந்திறங்கும் இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடங்களிலும் நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலை அடையலாம். அதன் கட்டணமான 55 ரிங்கிட், மலிவு விமானச் சீட்டில் மிச்சப்பட்டதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் நான்கரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அதுவும் இருபது, முப்பது நிமிடத் துண்டுகளாகச் சிதறிய நேரம்.

பேருந்தில், எல்லையைக் கடந்துவிட்டால் நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் அநேகமாகத் தடையின்றிக் கிடைக்கிறது. யோங் பெங் போன்ற ஓர் இடத்தில் உணவுக்கு நிறுத்துவார்கள், அவ்வளவுதான். ஆகவே, பேருந்துப் பயணத்தின் தலைவிதி எல்லையில்தான் எழுதப்படுகிறது. சிங்கப்பூரை விட்டு வெளியேற ஒருமுறையும், மலேசியாவுக்குள் நுழையப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு மறுமுறையும் இறங்கியாக வேண்டும். ஒரு பயணி வரிசையில் பிந்தினாலும் மற்றவர்கள் காத்திருக்க நேரிடும். 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலம், நாள்தோறும் வேலைக்காக எல்லை கடப்பவர்களால் நெரிபடுவது. 1998இல் திறக்கப்பட்ட மற்றொரு பாலமான துவாஸ் இரண்டாம் இணைப்போ ஜோகூர் பாரு நகருக்குள் நுழையாமலேயே விரைவுச் சாலையில் கொண்டுபோய் விடுகிறது. எனவே, சீட்டு வாங்கும்போது இருக்கையின் அகலத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, பேருந்து எந்த வழியாகப் போகும் என்பதே. மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை, வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பிவிடுவதும் நல்லது. வரிசையில் நின்றபடி கைப்பேசியில் நிரப்புபவர்களை ஓட்டுநர்கள் அன்போடு பார்ப்பதில்லை.

வெள்ளி மாலை, பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, தீபாவளிக்கு முந்தைய நாள் என்றால் என் பரிந்துரையை அப்படியே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்நாள்களில் எல்லையைக் கடக்க மட்டும் பல மணி நேரம் ஆகக்கூடும். படியிறங்கச் சிரமப்படும் முதியவர்களுடன் செல்பவர்களும் விமானத்தையே நாடலாம். இரவுப் பேருந்தில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். நகருக்கு மிக அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்தையும் நான் பயன்படுத்தியதில்லை. அங்கு இறங்க முடிந்தால் மேற்சொன்ன கணக்கு விமானத்துக்குச் சாதகமாகவே மாறும். 90 நிமிடங்களில் இரு நகரங்களையும் இணைக்கவிருந்த அதிவேக ரயிலுக்கான ஒப்பந்தம் 2020 இறுதியில் காலாவதியானதால், இப்போதைக்கு அது கணக்கில் சேராது.

திரும்பி வரும் பேருந்துச் சீட்டை மலேசியாவிலேயே ரிங்கிட்டில் வாங்குவது, சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) இருவழிச் சீட்டாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும்.