மனையின் சூழல் மதிப்பீட்டுக்கு இபேர்ட்: பறவைத் தரவு எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஏரிக்கரையோ சதுப்போ ஒட்டிய மனையின் சூழலை மதிப்பிடும்போது முதலில் திறக்க வேண்டிய தளம், பறவை ஆர்வலர்கள் தாங்கள் கண்ட பறவைகளைப் பட்டியலாகப் பதியும் இபேர்ட் (eBird). கட்டணம் இல்லை. பள்ளிக்கரணை போன்ற இடத்துக்கு ஆண்டு முழுவதற்குமான பட்டை வரைபடம் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். ஒவ்வொரு மாதமும் நான்காகப் பிரிந்திருக்கும். பட்டை தடிமனாக இருந்தால், அந்த நாட்களின் முழுப் பட்டியல்களில் (அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிய பட்டியல்களில்) அப்பறவை அடிக்கடி பதிவாகியிருக்கிறது என்று பொருள். வலசைப் பறவைகள் போய்விட்ட மே மாதத்தில் மட்டும் நடந்த கள ஆய்வு எதைத் தவறவிட்டது என்பது இதில் பளிச்சென்று தெரியும்.

சிக்கல் இடக்குறியில்தான். மூன்று கிலோமீட்டர் நடந்து எழுதிய பட்டியல் முழுவதும் வரைபடத்தில் ஒரே புள்ளியில் உட்கார்ந்திருக்கும். சாலையோரப் புள்ளியில் காட்டும் நீலத் தாழைக்கோழி, உண்மையில் உள்ளே கோரைப்புல்லில் நின்றிருக்கலாம். ஆகவே மூலத் தரவைக் கோரிப் பெற்று, முழுப் பட்டியல்களை மட்டும் எடுத்து, நடந்த தூரம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியவற்றைத் தனியே வையுங்கள். அரிய சில இனங்களின் துல்லிய இடத்தைத் தளம் வேண்டுமென்றே மறைக்கிறது. அது சரியான முடிவு.

பதிவே இல்லாத மனையை 'பறவையற்ற இடம்' என்று அறிக்கையில் எழுதுவது பெரும் பிழை. அங்கே யாரும் போகவில்லை, அவ்வளவுதான். தவளை, பாம்பு, தாவரங்களுக்கு இத்தளம் உதவாது. எல்லா உயிரினங்களையும் பதியும் தளமான ஐநேச்சுரலிஸ்டையும் (iNaturalist) சேர்த்துப் பாருங்கள். கள ஆய்வைத் திட்டமிட இபேர்ட் அருமையான கருவி. கள ஆய்வுக்கே மாற்றாக வைத்தால் ஆபத்து.