சுங்கை சிப்புட் பச்சை குத்தும் கடை: வேலை நேர்த்தி, படத் தொகுப்பில் குறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் இந்தக் கடையின் வேலைத்தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஊசியை நம் கண்ணெதிரே உறை பிரித்து எடுக்கிறார்கள், கோடுகளும் சீராக விழுகின்றன. என் தயக்கமெல்லாம் அவர்கள் காட்டும் மாதிரிப் படங்களைப் பற்றியது. அவற்றுள் வேலுக்கும் ஓங்காரத்துக்கும் அடுத்து, ரஷ்யச் சிறைக் கைதிகளின் சின்னங்கள் எந்த விளக்கமும் இன்றி வெறும் அலங்காரமாக இடம்பெற்றுள்ளன.

சோவியத் சிறைகளில் அவை ஒருவனின் குற்ற வரலாற்றைத் தோலில் எழுதிய பதிவேடாக இருந்தன. தேவாலயக் குவிமாடங்கள் பெரும்பாலும் அவன் பெற்ற தண்டனைகளின் எண்ணிக்கையையும், தோள்பட்டை நட்சத்திரங்கள் திருடர் கூட்டத்தில் அவனுக்கிருந்த அதிகாரத்தையும், முழங்கால் நட்சத்திரங்கள் யார் முன்னும் மண்டியிட மாட்டேன் என்ற உறுதியையும் குறித்தன. எரித்த ரப்பரின் கரியைச் சிறுநீரில் குழைத்து மை செய்தார்கள். தகுதியின்றிச் சின்னம் அணிந்தவனைச் சக கைதிகள் கொடுமையாகத் தண்டித்தார்கள், இழிவுபடுத்துவதற்கென்றே பலவந்தமாகக் குத்தப்பட்டவையும் உண்டு. லெனின்கிராடின் கிரெஸ்தி சிறையில் காவலராக இருந்த டான்சிக் பல்தாயெவ் வரைந்து சேர்த்த படங்களால் இவற்றுள் பல வெளியுலகுக்குத் தெரியவந்தன.

பொருள் என்னவென்று விசாரித்தபோது, கடைத் தம்பி “அழகுக்குத்தான் அண்ணே” என்றார். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி விளக்கம் எழுதி ஒட்டுவது அவருக்குப் பெரிய வேலையன்று. அதுவரை பூ, பெயர், வேல் வேண்டுவோருக்கு மட்டும் இக்கடையைப் பரிந்துரைக்கிறேன்.