கார்புரேட்டர் பேலன்ஸ் மீட்டர் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: என் 380 வெள்ளி போய்விட்டது

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற அண்ணன்மார்களும், வீட்டிலேயே ஹோண்டா சூப்பர் ஃபோர் மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிற தம்பிமார்களும் இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். இன்று காலையில் இதை விற்ற கடை என் எண்ணைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) முடக்கிவிட்டது. கோபம் இன்னும் இறங்கவில்லை. 380 வெள்ளி! தோட்டத்துப் பிள்ளைகளின் கப்சாய்க்கு (சின்ன மோட்டார்சைக்கிளுக்கு) ஆயில் மாற்றி, செயின் மாற்றி, பஞ்சர் ஒட்டிச் சேர்த்த காசு. அந்தக் காசுக்கு வீட்டுக்கு வந்தது, சுவரில் மாட்டக்கூட லாயக்கில்லாத நாலு வட்ட மீட்டர்.

கடையின் பெயரைப் போடவில்லை. பயனீட்டாளர் புகாரை விசாரிக்கிற திரிபியூனலுக்குப் போகிற விஷயம். ஈப்போவில், கண்ணாடி போட்ட பெரிய மோட்டார் உதிரிப்பாகக் கடை, ஆன்லைனிலும் விற்கிறார்கள், அவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்தச் சாமான் எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுவது கார்புரேட்டர். கப்சாய்க்கு அது ஒன்றுதான், அதில் பேலன்ஸ் என்ற பேச்சே கிடையாது. இன்ஜெக்‌ஷன் வருவதற்கு முந்திய ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோரில் நாலு சிலிண்டருக்கு நாலு கார்புரேட்டர். உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு நாலிலும் ஒரே அளவு திறக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடுதலாகத் திறந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வேக்குவம் (உறிஞ்சும் இழுவை) குறைந்துவிடும். வண்டி ஐட்லிங்கில் உதறும், கிளட்ச் பக்கம் கடகடவென்று சத்தம் கேட்கும், ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு கணம் தயங்கும். நாலு வேக்குவத்தையும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே, கார்புரேட்டர்களை இணைக்கும் இடத்தில் உள்ள மூன்று ஸ்குரூக்களைத் திருகிச் சமப்படுத்துவதுதான் பேலன்ஸ். காதால் கேட்டே செய்துவிடுவேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. ரெண்டு சிலிண்டருக்கு வேண்டுமானால் ஓரளவு முடியும், நாலுக்கு முடியாது.

அதனால்தான் நல்ல கருவி ஒன்று வாங்கிவிடலாம் என்று போனேன்.

கவுண்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பையன். நல்ல சிரிப்பு, நல்ல பேச்சு. "அண்ணே எந்தப் பக்கம்?" என்றான். சொன்னேன். "அட, நம்ம பக்கம்ணே! எங்கம்மா அங்கதான் மரம் வெட்டுனாங்க. மரம் வெட்டித்தான் எங்க நாலு பேரையும் படிக்க வச்சாங்க" என்றான். என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர், மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுத்தவர். விடியுமுன்னே தலையில் விளக்கு கட்டிக்கொண்டு போன கால்கள் அவை. அதைக் கேட்ட பிறகு எனக்கு அவன் கடைக்காரனாகத் தெரியவில்லை, வீட்டுப் பிள்ளையாகத் தெரிந்தான். பக்கத்துக் கடையிலிருந்து தே தாரிக் வரவழைத்துக் கொடுத்தான். தோட்டத்துக் கதை பேசினோம்.

இத்தனைக்கும் அவனே சொன்னான், "முள் மீட்டர் மட்டும் வாங்காதீங்கண்ணே, அது கொஞ்ச நாள்ல பொய் சொல்ல ஆரம்பிச்சிரும்." கைப்பேசியில் படம் காட்டினான்: வட அயர்லாந்தில் செய்கிற கார்ப்டியூன். நாலு குழாய், ஒவ்வொன்றுக்கும் உள்ளே மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. வேக்குவம் இழுக்க இழுக்கக் கம்பி மேலே ஏறும். பாதரசம் கிடையாது, திரவமே கிடையாது, சிந்துவதற்கும் எஞ்சினுக்குள் போவதற்கும் ஒன்றும் இல்லை. நான் கேட்டு வைத்திருந்ததும் அதேதான். "இதேதான் வரும். ஆர்டர் சாமான்ணே, முழுப் பணம் கட்டணும். 380." கட்டினேன். ரசீதில் 'கார்ப் டூல் 1, 380.00' என்று எழுதினான். "மாடல் பேரு எழுதலையே தம்பி?" என்றதற்கு, "சிஸ்டத்துல இருக்குண்ணே. உங்களப் போயி ஏமாத்துவேனா?" என்றான்.

அம்மா மரம் வெட்டிய கதையை வைத்து வியாபாரம் பண்ணியிருக்கிறான். 380 வெள்ளியைவிட எனக்கு எரிகிறது அதுதான்.

கூரியரில் பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு தகட்டில் திருகிய நாலு முள் மீட்டர். எதை வாங்காதே என்றானோ அதே சாமான். கம்பெனிப் பெயர் இல்லை, எந்த நாட்டில் செய்தது என்று இல்லை, விளக்கத் தாள் இல்லை. டியூப் விறைப்பாகக் குச்சி மாதிரி இருந்தது. அதைவிட மோசம், டியூப் நடுவில் இருக்க வேண்டிய குட்டி வால்வுகள் இல்லை. முள் மீட்டருக்கு அந்த வால்வுதான் உயிர். பிஸ்டன் ஒவ்வொரு முறை காற்றை உறிஞ்ச இறங்கும்போதும் வேக்குவம் வெடுக்கென்று இழுக்கும், விடும். வழியைச் சிறுசாக்கி அந்த ஆட்டத்தை அடக்காவிட்டால் முள் படபடவென்று அடித்துக்கொள்ளும், எந்த எண் என்று படிக்கவே முடியாது. அப்படியே ஓட்டினால் மீட்டரின் உள்பாகமும் கெட்டுப்போகும். மீன் தொட்டிக் கடையில் காற்றுக் குழாய்க்கு விற்கிற சின்ன வால்வுகளை என் காசில் வாங்கிப் போட்டுத்தான் முள்ளை நிறுத்தினேன்.

முள் நின்றது, ஆனால் உண்மை சொல்லவில்லை. செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பியின் சூப்பர் ஃபோர் என்னிடம் இருந்தது. நாலு முள்ளையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தான். "அண்ணே, முன்னவிட மோசமா இருக்கு." கிளப்பிப் பார்த்தால் உண்மைதான். மூன்றாவது சைலன்சர் குழாய் மற்றதைவிட ஆறிக் கிடந்தது.

அப்போதுதான் மீட்டர்களையே சோதித்தேன். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஒரே சிலிண்டரின் வேக்குவத் துளையில் நாலு மீட்டரையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒரே இடம், ஒரே ஐட்லிங். நாலும் ஒரே எண்ணைக் காட்டியாக வேண்டும். வேக்குவத்தைப் பாதரச சென்டிமீட்டரில்தான் சொல்வார்கள். முதலாவது 24 சென்டிமீட்டர், இரண்டாவது 23, நாலாவது 24. மூன்றாவது 19! நாலு கார்புரேட்டர் வண்டிகளின் சர்வீஸ் புத்தகங்கள் சிலிண்டருக்குச் சிலிண்டர் விடுகிற வித்தியாசமே பெரும்பாலும் 2, 3 சென்டிமீட்டருக்குள்தான். அளக்கிற கருவியே 5 தள்ளிக் காட்டினால் எதைப் பேலன்ஸ் பண்ணுவது? மூன்றாவதில் வேக்குவம் குறைவு என்று அந்த மீட்டர் சொன்ன பொய்யை நம்பித்தான் நல்லா இருந்த தகட்டை மூடியிருக்கிறேன். கருவி இல்லாமல் சும்மா விட்டிருந்தால்கூட அந்த வண்டி நன்றாக ஓடியிருக்கும்.

இனிமேல்தான் அசல் கூத்து.

முதலில் கூப்பிட்டபோது, "ஐயோ, ஸ்டாக் மாறிடுச்சுண்ணே, விசாரிச்சுச் சொல்றேன்" என்றான். சரி, மனிதன் தவறு செய்வது சகஜம் என்று காத்திருந்தேன். அடுத்த முறை, "இதுவும் அதே வேலைதான்ணே செய்யும்" என்றான். வாங்காதே என்று சொன்ன அதே வாய்! மீட்டர் தப்பாகக் காட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: "உங்க காப்ரேட்டர்ல அழுக்கு இருக்கும்ணே, ரிப்பேர் கிட் நம்மகிட்ட இருக்கு, போடவா?" ஒரே துளையில் மாட்டி எடுத்த வீடியோ அது. கார்புரேட்டர் அழுக்காக இருந்தாலும் நாலு மீட்டரும் ஒரே அழுக்கைத்தானே காட்ட வேண்டும்? இதைக் கேட்டு எழுதினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

நேரில் போனேன். அந்தத் தம்பி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான், தே தாரிக் வாங்கிக் கொடுத்தவன். மேனேஜர் வந்தார். பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்றார். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்குப் பதில் சொல்லாமல் ரசீதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "கார்ப் டூல்னு போட்டிருக்கு. கார்ப் டூல்தான் கொடுத்திருக்கோம்." சிஸ்டத்தில் மாடல் பெயர் இருக்கிறதாமே, காட்டுங்கள் என்றேன். முதலாளி வெளியூர், பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது என்றார். கடைசியில் 50 வெள்ளிக்குச் சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார், ஏதோ பெருந்தன்மை காட்டுகிற மாதிரி. 380 கொடுத்தவனுக்கு 50. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு முதலாளி வந்துவிட்டாரா என்று இன்று காலை ஒரு செய்தி அனுப்பினேன். அதற்குத்தான் முடக்கினார்கள்.

விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று ரசீதின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும்போது சொன்ன வர்ணனைக்குப் பொருந்தாத பொருளைக் கடைக்காரர் உங்கள் தலையில் கட்ட முடியாது, ரசீதில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. பயனீட்டாளர் திரிபியூனலில் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. வழக்குப் போடுகிற முதல் பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அவன் காட்டிய படத்தை அன்றே புலனத்தில் எனக்கு அனுப்பியிருந்தான், அது இருக்கிறது.

எந்த வகைக் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு அதில் நிற்கவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு மட்டும்:

ரசீதில் மாடல் பெயர் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள், அவன் உங்கள் சொந்தத் தோட்டமே ஆனாலும். முள் மீட்டர்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் நாலையும் ஒரே துளையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், வால்வு இருக்கிறதா பாருங்கள். உங்கள் வண்டியின் துளைக்கு 5 மில்லி அடாப்டரா 6 மில்லியா என்று முதலிலேயே அளந்துகொண்டு போங்கள். பழைய பாதரசக் குழாய் செட் மலிவாக வருகிறது என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். அதன் ஆவி விஷம், வேக்குவம் கூடினால் எஞ்சினே அதைக் குடித்துவிடும், அலுமினியத்தையும் அரிக்கும். இன்னொன்று, எஞ்சின் வால்வ் கிளியரன்ஸ் (இடைவெளி) பார்க்காமல், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பரில் காற்றுக் கசிவு இருக்கிறதா பார்க்காமல் பேலன்ஸில் கை வைக்காதீர்கள், எவ்வளவு விலையுள்ள கருவியாக இருந்தாலும் வீண்.

அந்தத் தம்பியின் வண்டி இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது. அவன் அதில்தான் ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் யாரிடமாவது கம்பிக் குழாய் செட் இருந்தால் ஒரு நாள் கடன் கொடுங்கள், நானே வந்து எடுத்துக்கொண்டு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். அந்தக் கண்ணாடி போட்ட உதிரிப்பாகக் கடையில் 'கார்ப் டூல்' என்று எழுதின ரசீதோடு ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் அதையும் எனக்கு அனுப்புங்கள், பாரத்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.