பிறையில் ரப்பர் லைனிங் பட்டறை: உள்வேலை சுத்தம், பிளாஞ்சைப் பார்த்து வாங்குங்கள்

பினாங்கு, பிறை தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறையில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் லைனுக்கான இரும்புக் குழாய்களுக்கு உள்ளே 5 மில்லிமீட்டர் இயற்கை ரப்பர் ஒட்டி வாங்கினோம். 4 அங்குலக் குழாய், 3 மீட்டர் நீளம், இரு முனையிலும் பிளாஞ்ச் (அடுத்த குழாயோடு போல்டு போட்டு இணைக்கும் வட்டத் தட்டு).

இவர்களிடம் முதலில் பிடித்தது, குழாயை வாங்கி வைக்கும்போதே வெல்டிங்கைத் தடவிப் பார்க்கிறார்கள். உள்பக்க வெல்டிங்கில் துளையோ இடைவெளியோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சரியான செயல். அந்தத் துளையில் அடைபட்ட காற்று, ரப்பர் வேகும்போது விரிந்து கொப்புளமாகக் கிளம்பும். தெறித்த வெல்டிங் மணிகளைத் தேய்த்து எடுத்து, ஓரங்களைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிக் கொடுத்தால் இங்கே தாமதம் இல்லை.

பிளாஸ்டிங், அதாவது துகள்களை வேகமாக அடித்துத் துருவை நீக்குவதை, எஸ்.ஏ. 2½ தரத்துக்கு (ஏறக்குறைய வெறும் இரும்பு தெரியும் அளவு சுத்தம்) செய்கிறார்கள். பினாங்கின் ஈரக் காற்றில் அதைவிடச் சிரமம், அடித்த இரும்பைத் துருவேறாமல் காப்பது. இரும்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டும். மழை நாளில் உண்மையிலேயே நிறுத்துகிறார்கள். டெலிவரி தள்ளிப்போகும், ஆனாலும் இதற்காக அவர்களை நெருக்காதீர்கள். பிளாஸ்டிங் முடிந்த அன்றே பிரைமர் என்ற முதல் பூச்சு ஏறிவிடுகிறது. அதன்மேல் பூசும் பசை நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பர் ஷீட்டைத் தொடுகிறார்கள். பசையில் கரைப்பான் மிச்சமிருந்தால் அதுவும் கொப்புளம்தான்.

ஷீட்டின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஆசிட் ஓடும் திசைக்கு எதிராக விளிம்பு நிற்காதபடி ஒட்டியிருக்கிறார்கள். ஓட்டத் திசையை அம்புக்குறியால் குழாயிலேயே எழுதிக் கொடுங்கள்; சொல்லாவிட்டால் அவர்களாக ஊகிக்க வேண்டிவரும். பிறகு ஆட்டோகிளேவ் என்ற மூடிய கலத்தில் நீராவி அழுத்தத்தில் வேகவைத்து எடுக்கிறார்கள்.

ஸ்பார்க் டெஸ்டை நம் கண்முன்னே செய்து காட்டுகிறார்கள். 15 கிலோவோல்ட் வைத்த பிரஷை மெதுவாக இழுத்துப் போகும்போது ரப்பர் மேல் நீலப் பொறி அங்கங்கே மினுங்கும். எங்காவது ஊசித்துளை இருந்தால் மினுங்கல் ஒரே இடத்தில் குவிந்து, வெள்ளைக் கோடாய் நேரே இரும்புக்குப் பாயும். அந்த இடத்தில் சாக்பீஸ் வட்டம் விழுந்தால் ரிப்பேர் செய்து மறுபடி டெஸ்ட். கடினத்தையும் ஷோர் ஏ மீட்டரில் அளந்து ரிப்போர்ட்டில் எழுதித் தருகிறார்கள்.

குறை பிளாஞ்ச் முகத்தில். ரப்பர் முகம் முழுதும் சமமாக இல்லாமல், ஒரு பிளாஞ்சில் ஓரம் தடித்து நின்றது. கேஸ்கெட் (இரு பிளாஞ்சுகளுக்கு நடுவே வைக்கும் அடைப்பு வளையம்) ஒரு பக்கம் மட்டும் அழுந்தியது. திருப்பிக் கொடுத்து அரைத்து வாங்க வேண்டியதாயிற்று. லாரியில் ஏற்றும்போது ஒட்டுப்பலகை மூடியும் போடவில்லை. மூடி போடச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள். பிளாஞ்ச் முகத்தில் உள்ள ரப்பர் உதடு கிழிந்தால் ஆசிட் அந்த வழியாகத்தான் உள்ளே நுழையும்.

எந்த ரப்பர் என்று கேட்டால் பொறுமையாக விளக்குகிறார்கள், ஆனால் லைனில் என்ன ஓடுகிறது என்று முழுதாகச் சொல்ல வேண்டியது நாம்தான். பாமாயில் கலந்த கழிவுநீருக்கு இயற்கை ரப்பர் ஆகாது, ஊதிவிடும், அதற்கு எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர். நைட்ரிக் ஆசிட் லைனுக்கு ரப்பரை நினைக்கவே வேண்டாம். ஹைட்ரோகுளோரிக்கில் மட்டும் இயற்கை ரப்பரின் மேற்பரப்பு ஆசிட்டோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, அடுத்த அடுக்கைத் தானே காக்கிறது. நம் ரப்பருக்கு இது ஒரு நல்ல குணம்.

லைனிங் ஆன குழாயில் அதற்குப்பின் வெல்டிங் வைக்கவே கூடாது. சப்போர்ட் கிளிப் வரை எல்லாவற்றையும் முன்கூட்டியே வெல்டிங் செய்து கொடுத்துவிடுங்கள். பொருத்தும்போது போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரப்பர் அமுங்கி இடம் கொடுப்பதால் மறுநாள், லைன் குளிர்ந்து அழுத்தம் இல்லாதபோது, இன்னொரு சுற்று இறுக்க வேண்டும்.