பழைய ஃபியட்டை இன்ஜின் வேலைக்கு விடப் போகிறீர்களா? எனக்கு ₹1,18,000 போச்சு

நேற்று சாயங்காலம் என் வண்டி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது. இன்று காலை இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். கையில் இன்னும் ஆயில் போகவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். இன்ஜின் வேலை பார்த்த கடை ஓனரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

வண்டி அப்பாவுடையது. 1973 ஃபியட், 1089 சிசி, கை கியர். முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, ஒரிஜினலாகவே இருக்கிற வண்டியை விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம் என 2021-இல் விதி வந்தது. அதனால் "வேற இன்ஜின் தூக்கி வெச்சிடு" என்று சொன்னவர்கள் பேச்சையெல்லாம் கேட்கவில்லை. அதே பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கிற இன்ஜின் உடம்பு) போரிங் செய்து, அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கி, 0.4 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற கிராங்க் தண்டுக்குக் கிரைண்டிங், ஈயம் இல்லாத அன்லெடட் பெட்ரோலைத் தாங்குகிற வால்வு சீட், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) கொஞ்சம் ஏற ஹெட்டின் அடியை லேசாகச் சீவுகிற ஃபேசிங், தீப்பொறிக்காகத் திறந்து மூடுகிற பழைய பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். இவ்வளவுதான் நான் கேட்டது. 68 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்) 68.4 ஆனால் 1102 சிசி வரும். அதை வைத்துப் பறக்க முடியாது என்று எனக்கும் தெரியும். மூச்சு வாங்காமல் ஏற்றம் ஏறினால் போதும்.

கடை பேரைச் சொல்லப் போவதில்லை. பழைய வண்டிக்கென்றே இருக்கிற, வீடியோவெல்லாம் போடுகிற வகை ஒர்க்‌ஷாப். முதல் நாள் அந்த ஓனர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிஷம். "மூணாவது சிலிண்டர்தான் சார் வீக்கு. நீங்களே கேளுங்க" என்று என் கையில் கொடுத்தார். நானும் கேட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் தலையை ஆட்டினேன். அங்கேயே விழுந்துவிட்டேன். பில் கேட்கவில்லை, வேலைப் பட்டியலை ஒரு வெள்ளைத் தாளில் எழுதியதோடு சரி. ₹60,000 அட்வான்ஸ் ஜிபேயில் போட்டேன். "பிஸ்டன் செட் வந்துடுச்சு சார்" என்றபோது ₹38,000. வண்டி எடுக்கும்போது ₹20,000. மொத்தம் ₹1,18,000. நாற்பது நாள் என்றவர் ஏழு மாசம் இழுத்தார்.

வண்டி வந்தபோது பிளாக் வெள்ளிப் பெயின்ட்டில் பளபளவென்று இருந்தது. மூன்று வாரத்தில் ஓடியது 200 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் இரண்டு லிட்டர் ஆயில் குடித்தது, பின்னால் நீலப்புகை. ஏற்றத்தில் கணகணவென்று அடித்தது.

போன் போட்டேன். "ரன்னிங்-இன் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்." அடுத்த வாரம், "இப்ப வர்ற E20 பெட்ரோல் சார், நாங்க என்ன பண்ண முடியும்?" எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆயிலையா குடிக்கும்? அப்புறம் "பையன்தான் அசெம்பிள் பண்ணான், அவன் லீவு". கடைசியாக, "ஐம்பது வருஷக் கிழவி சார், குமரி மாதிரி ஓடச் சொன்னா எப்படி?" இதே வாய்தான் "நம்ம வீட்டு வண்டி மாதிரி பண்ணித் தர்றேண்ணே" என்றது. இப்போது போனை எடுப்பதே இல்லை.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் டாக்ஸிகளுக்கு வேலை பார்த்தவர். காலையில் அவர் முதலில் கம்ப்ரெஷன் பார்த்தார். மற்ற மூன்றும் 110-ஐ ஒட்டி, மூணாவது 70. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் அதுவே 95-க்கு ஏறியது. "வால்வு இல்ல தம்பி, போரும் ரிங்கும்தான்" என்றார். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கின் இடுக்கை ஆயில் அடைத்ததால்தான் ஏறியதாம். ஹெட்டைத் தூக்கியதும் என் விரலைப் பிடித்து சிலிண்டரின் உள்பக்கம் கீழிருந்து மேலே இழுக்கச் சொன்னார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே நகம் தட்டி நின்றது. ரிங் தேய்த்த இடத்துக்கும் தேய்க்காத இடத்துக்கும் நடுவில் விழுகிற வரப்பு அது. போரிங் செய்திருந்தால் அந்த வரப்பே இருக்காது. பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டிப் பார்த்தோம், ஓவர்சைஸ் நம்பர் கிடையாது. அப்பா காலத்துப் பிஸ்டன். தேய்ந்த போரில் ரிங்கை மட்டும் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் இரண்டு கிளிப்பை நானே நெம்பித் திறந்தேன். உள்ளே எலக்ட்ரானிக் இக்னிஷன் இல்லை, பழைய பாயின்ட்டே சவுகரியமாக உட்கார்ந்திருந்தது.

ஹெட் ஃபேசிங் மட்டும் செய்திருக்கிறார்கள், அதுவும் அளவுக்கு மேலே. இன்ஜின் அடித்ததற்குக் காரணம் அதுதான் என்கிறார் பெரியவர். கிராங்கை இன்னும் இறக்கவில்லை, இறக்கப் பயமாக இருக்கிறது. எனக்கு ஆறவே ஆறாதது என்னவென்றால், அந்த ஆள் மூணாவது சிலிண்டர் என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வேலை தெரியாதவர் இல்லை. தெரிந்தே செய்யவில்லை. ₹1,18,000!

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. வண்டியை விடுவதற்கு முன்னால் ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பரை பிளாக்கோடு சேர்த்து போட்டோ எடுங்கள். போரிங் ஆன பிளாக்கை மூடுவதற்கு முன்னால் நேரில் போய் நகத்தை வைத்துப் பாருங்கள். பழைய பிஸ்டனைக் கையில் கொடுத்தால்தான் அடுத்த பணம். பில் இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லியிருக்கிறேன், அவர்கள் கேட்ட முதல் கேள்வியே "பில் இருக்கா?"

நாளைக்கு பிளாக் லேத்துக் கடைக்குப் போகிறது. அது முடிந்து இறங்குகிற வரைக்கும் நான் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்காரப் போகிறேன்.