காரில் கிராஸ்ஓவர்: பாசிவ் போதுமா, ஆக்டிவ் வேண்டுமா?

காம்போனென்ட் ஸ்பீக்கர் செட் (ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கரும் கதவு ஸ்பீக்கரும் தனித்தனியாக வருவது) வாங்கினால் கூடவே இரண்டு சின்னப் பெட்டிகள் வரும். உள்ளே காயிலும் கெபாசிட்டரும் இருக்கும். அதுதான் பாசிவ் கிராஸ்ஓவர். ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) வரும் சிக்னலைப் பிரித்து, ட்ரெபிளை ட்வீட்டருக்கும் மற்றதைக் கதவு ஸ்பீக்கருக்கும் அனுப்பும். ஆக்டிவ் முறையில் இந்தப் பிரிப்பு ஆம்புக்கு முன்பே, ஹெட் யூனிட்டிலோ (கார் ஸ்டீரியோ) டிஎஸ்பியிலோ (ஒலியை டிஜிட்டலாகச் சீரமைக்கும் கருவி) முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி சேனல் வேண்டும். முன்பக்கத்துக்கு மட்டும் நான்கு.

சப்வூஃபருக்கு (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) விவாதமே வேண்டாம், ஆக்டிவ்தான். 4 ஓம் சப்பை 80 ஹெர்ட்ஸில் பாசிவாக வெட்ட, மிக எளிய அமைப்புக்கே 8 மில்லிஹென்றி காயில் தேவை. அத்தனை செம்பைச் சுற்றி, அதில் சக்தியைச் சூடாக்கி வீணடிப்பதைவிட ஆம்பிலுள்ள லோ பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) திருகைத் திருப்பிவிடலாம். கதவு ஸ்பீக்கருக்கும் அங்கேயே 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் (அதற்கு மேலுள்ளதை மட்டும் விடும் ஃபில்டர்) வையுங்கள்.

உண்மையான கேள்வி ட்வீட்டரிடம்தான். பாசிவ் பெட்டி அந்த ஜோடிக்கென்றே கணக்கிட்டுச் செய்தது. அதுதான் அதன் பலம். ட்வீட்டரை மாற்றினால் கணக்கு குலையும். 4 ஓமுக்கு 3500 ஹெர்ட்ஸில் வெட்டும் 11.4 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 8 ஓம் ட்வீட்டரில் 1750-இலேயே வெட்டும்.

இன்னொன்று தூரம். நம் கார்களில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்கார்கிறார். வலது ட்வீட்டர் முகத்துக்கு அருகில், அதன் வூஃபர் (கதவு ஸ்பீக்கர்) காலடியில், இடது ஜோடி எங்கோ தள்ளி. ஒலி 34 சென்டிமீட்டர் கடக்க ஒரு மில்லிசெகண்ட் ஆகும். எல்லாம் ஒரே நேரத்தில் காதை அடைய, அருகிலுள்ளதைக் கொஞ்சம் தாமதிக்க வேண்டும். பாசிவில் வலதுக்கும் இடதுக்கும் இடையே தாமதம் வைக்கலாம். ஒரே பக்கத்து ட்வீட்டரையும் வூஃபரையும் தனித்தனியே தாமதிக்க முடியாது. ஆக்டிவில் முடியும். பாடகர் குரல் டேஷ்போர்டுக்கு நடுவே வந்து நிற்கும் அந்த நொடிக்காகவே நான் ஆக்டிவ் பக்கம் வந்தேன். 3000 ஹெர்ட்ஸ், 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி (ஒரு ஃபில்டர் வகை) சரிவில், அதாவது ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 24 டெசிபல் குறையும்படி, தொடங்குங்கள். 12 டெசிபல் சரிவு என்றால் ட்வீட்டரின் பிளஸ், மைனஸை மாற்றிப் போட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு நான்கு சேனல் ஆம்ப் என்றால் பாசிவே சரி. இரண்டு சேனலில் முன் ஸ்பீக்கர்கள், மீதி இரண்டை பிரிட்ஜ் செய்து (ஒரே சேனலாக இணைத்து) சப். மிச்சப் பணத்தைக் கதவு டேம்பிங் ஷீட்டில் போடுங்கள். தகடு அதிரும் கதவில் எந்த ஃபில்டரும் நல்ல பேஸ் தராது.

ஆக்டிவ் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிஎஸ்பி அமைப்பைச் சரிபார்க்காமல் இணைத்து ஒரு ஜோடி ட்வீட்டரை இழந்திருக்கிறேன். இப்போதெல்லாம் 33 மைக்ரோஃபாரட் நான்-போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) கெபாசிட்டர் ஒன்றை ட்வீட்டரோடு தொடரில் போட்டுவிடுகிறேன். 4 ஓமில் அது சுமார் 1200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுக்கத் தொடங்கும். அப்புறம், முதல் தடவை ட்வீட்டர் இடத்தில் ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டைப் போடுங்கள். அதில் டிரம் அடி கனமாகக் கேட்டால் ஃபில்டர் இன்னும் வேலை செய்யவில்லை.