பாண்டி ஜெயில் தீம் ஓட்டல்: களிக்கு முழு மார்க், அந்த "விசாரணை ரூம்" மட்டும் வேணவே வேணாம்

அக்கா பையனுக்கு 21 வயசு பொறந்தநாள், கடலூர்லயே கேக் வெட்டி போர் அடிச்சிடுச்சி பாண்டி போலாம் மாமான்னு ஒரு மாசமா கேட்டுகினே இருந்தான், சரின்னு போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு பேர் கெளம்பினோம். நான், வீட்டுக்காரம்மா, அக்கா, அவ பையன், அவனோட காலேஜ் ஃபிரண்டு ரெண்டு பேர், அப்புறம் எங்க பெரியப்பா. கன்னியக்கோவில்ல ஆரம்பிச்ச ட்ராஃபிக் அரியாங்குப்பம் பாலம் தாண்டுற வரைக்கும் விடல. கடை ஈசிஆர் பக்கம் இருக்கு. பேரு போடல, மேனேஜர் பையன் சிலதை மாத்துறேன்னு சொல்லிருக்கான், அது நடக்குதான்னு பாக்காம நாலு பேர் பொழப்புல கை வைக்க மனசு வரல.

உள்ள போனா வரிசையா கம்பி போட்ட செல்லு, ஒவ்வொரு செல்லுலயும் ஒரு டேபிள். மெனு கார்டுக்கு பேரு குற்றப்பத்திரிகை, பில்லுக்கு பேரு ஜாமீன், பாத்ரூம் போகணும்னா "பரோல்"னு எழுதின ஒரு மரக்கட்டைய கையில குடுத்து அனுப்புறாங்க. இது வரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கடலூர்காரனுக்கு ஜெயில்னா கேப்பர் மலை, சின்ன வயசுல வால்தனம் பண்ணா வீட்டுல அதை சொல்லித்தான் மிரட்டுவாங்க, பாரதியார் 1918ல பாண்டிய விட்டு வெளிய வந்ததும் புடிச்சி அடைச்சது கடலூர் ஜெயில்லதான்னு ஸ்கூல்ல வேற சொல்லி குடுத்து வளத்தாங்க, அதனால ஜெயிலு களி எல்லாம் எங்களுக்கு பழக்கமான பேச்சு.

சாப்பாடு சொல்லிடறேன். கேழ்வரகு களி, கூட நெத்திலி கருவாட்டு கொழம்பு, 160 ரூபா. களி கையில ஒட்டாம, கட்டி இல்லாம, சூடா உருண்டையா வந்துச்சி, நடுவுல குழி பண்ணி கொழம்பு ஊத்தி தர்றாங்க, எங்க அம்மா கை பக்குவம் ஞாபகம் வந்துச்சி எனக்கு. வஞ்சிரம் வறுவல் ஃபிரெஷ்ஷா இருந்துச்சி, மட்டன் சுக்கா கொஞ்சம் ரப்பர் மாதிரி. பரிமாறுற பசங்க நல்ல பசங்க, பெரியப்பாவுக்கு பல்லு இல்லன்னு பாத்துட்டு கேக்காமலே கொழம்புல முள்ளு எடுத்து குடுத்தான் ஒருத்தன். ஏசி பரவால்ல, பார்க்கிங் கஷ்டம்.

இப்ப நான் எதுக்கு இவ்ளோ நீளமா எழுத உக்காந்தேனோ அதுக்கு வரேன்.

சாப்பிட்டு முடிச்சதும் பொறந்தநாள் ஸ்பெஷல்னு ஒண்ணு சொன்னாங்க. 999 ரூபா, பத்து நிமிஷம், பேரு "போர்க்கைதி விசாரணை". பொறந்தநாள் பையன் கழுத்துல போர்க்கைதின்னு அட்டை மாட்டி, கைய பின்னாடி பிளாஸ்டிக் டேக்ல கட்டி, தலையில கருப்பு துணிப்பைய மாட்டி உள்ள கூட்டிட்டு போறாங்க. உள்ள போனதும் கைக்கட்ட அவுத்துட்டு, கால அகட்டி, கைய ஒசர தூக்கி விரல் நுனி சுவத்துல படுற மாதிரி நிக்க வைக்கிறாங்க, ஸ்பீக்கர்ல காது கிழியுற மாதிரி ஒரு இரைச்சல், நடு நடுவுல முதுகுல ஐஸ் தண்ணி, மிலிட்டரி டிரஸ் போட்ட ரெண்டு பேர் "ரகசிய நம்பர் சொல்லு"ன்னு கத்துறாங்க. நம்பர் சொல்லிட்டா வெளிய, கேக். இது அத்தனையும் கேமரால எடுத்து ஹால்ல இருக்குற பெரிய டிவில லைவா போடுறாங்க, மத்த டேபிள்காரங்க பாத்து கை தட்டுறாங்க, போன்ல வீடியோ எடுக்குறாங்க.

பையன் ஆசையாத்தான் போனான். நாலாவது நிமிஷம் அவன் கால் நடுங்குறது டிவிலயே தெரிஞ்சிது. அக்கா சிரிச்சிகினே இருந்தவ சிரிப்பு நின்னு போச்சி.

பெரியப்பா எழுந்தாரு. 76 வயசு. பட்டாளத்துல 17 வருஷம் இருந்தவரு. நேரா டிவி கிட்ட போய் கீழ இருந்த பிளக்க புடுங்கிட்டாரு. அப்புறம் மேனேஜரை கூப்பிட்டு "தம்பி, மொதல்ல அந்த பையை எடு, மீதிய அப்புறம் பேசலாம்"னாரு. கத்தல, சாதாரணமாத்தான் சொன்னாரு, ஆனா ஹாலே அடங்கி போச்சி.

மேனேஜர் சின்ன பையன், முப்பது கூட இருக்காது. "ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, யாரையும் ஒரு அடி அடிக்கலையே, விளையாட்டுதானே, எல்லாரும் ரசிக்கிறாங்க"ன்னான். அவன் கெட்டவன்னு நான் சொல்லல, உண்மையிலயே அவனுக்கு தெரியல. அடிச்சாத்தான் சித்திரவதை, ரத்தம் வந்தாத்தான் சித்திரவதைன்னு நம்மள்ல முக்கால்வாசி பேர் நினைச்சிருக்கோம். லாக்கப்னா லத்தி, அவ்ளோதான் நமக்கு தெரிஞ்சது.

ஆனா அந்த ரூம்ல நடக்குற ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிஜ வரலாறு இருக்கு. 1971 ஆகஸ்ட்ல இருந்து வட அயர்லாந்துல பிரிட்டிஷ்காரன் விசாரணை இல்லாம நூத்துக்கணக்குல ஆளுங்கள அள்ளிட்டு போனான், அதுல 14 பேரை தனியா ஒரு எடத்துல வச்சி அஞ்சு விஷயம் பண்ணாங்க: தலையில பை, சுவத்துல விரல் நுனி வச்சி மணிக்கணக்கா நிக்க வைக்கிறது, நிக்காத இரைச்சல், தூங்க விடாதது, சோறு தண்ணி ஒழுங்கா குடுக்காதது. இந்த ஓட்டல்ல அஞ்சுல மூணு அப்படியே இருக்கு. யார் டிசைன் பண்ணாங்களோ தெரிஞ்சி பண்ணாங்களா எதோ படத்துல பாத்து பண்ணாங்களா, எப்படியோ அங்க இருந்துதான் வந்திருக்கு.

இது கோர்ட்டு வரைக்கும் போச்சி, அந்த கேஸ் என்ன ஆச்சின்னு தெரிஞ்சிக்கணும். ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1976ல இது சித்திரவதைதான்னு சொல்லிச்சி. 1978ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு, இது மனிதத்தன்மை இல்லாத, இழிவுபடுத்துற செயல், தப்புதான், ஆனா "சித்திரவதை"ங்கற சொல்லுக்கு வேண்டிய அளவு கொடுமை இல்லன்னு சொல்லிடுச்சி. தப்புன்னு தீர்ப்பு வந்தும் அந்த ஒரு சொல்லு விட்டு போச்சி. அதோட விளைவு என்னன்னா, 2002 ஆகஸ்ட்ல அமெரிக்க அரசு வக்கீலுங்க, ஒரு உறுப்பு செயலிழந்து போற அளவு வலி இருந்தாத்தான் சித்திரவதைன்னு ஒரு ரகசிய குறிப்பு எழுதுனப்ப, இந்த தீர்ப்பையும் தூக்கி ஆதாரமா காட்டினாங்க. ரெண்டே வருஷத்துல, 2004ல, ஈராக் அபு கிரைப் ஜெயில் போட்டோ உலகம் பூரா வந்துச்சி. தலையில பை மாட்டி ஒரு பெட்டி மேல நிக்க வச்ச அந்த ஆளோட போட்டோவ பாக்காதவங்க கம்மி. நம்ம பையன் அந்த டிவில நின்னது எனக்கு அப்படியே அதுதான் தெரிஞ்சிது.

சித்திரவதைன்னா என்னன்னு ஐநா 1984லயே ஒப்பந்தம் போட்டு எழுதி வச்சிருக்கு. உடம்புக்கோ மனசுக்கோ கடுமையான வலி, வேணும்னே குடுக்குறது, தகவலுக்கோ வாக்குமூலத்துக்கோ தண்டனைக்கோ மிரட்டலுக்கோ குடுக்குறது, அரசாங்க ஆளு தானே பண்றது இல்ல தெரிஞ்சே விட்டுடறது. "மனசுக்கோ"ங்கற வார்த்தை அதுலயே இருக்கு. போர் நடக்குது, எமர்ஜென்சின்னு எந்த சாக்கும் செல்லாதுன்னும் இருக்கு. இந்தியா 1997ல கையெழுத்து போட்டுச்சி, இன்னும் உறுதிப்படுத்தல. 2010ல மக்களவைல இதுக்குன்னு ஒரு மசோதா பாஸ் ஆகி அதுக்கு மேல நகராம காலாவதி ஆயிடுச்சி. 2020ல சாத்தான்குளத்துல ஒரு அப்பாவையும் புள்ளையையும் பறிகொடுத்த ஊரு நம்ம ஊரு, நமக்கு இது அக்கறை இல்லாத விஷயமா எப்படி ஆகும்.

சாதா கைதி கதை அது. போர்க்கைதின்னா இன்னும் கறாரு. பெரியப்பா அந்த மேனேஜரை எதிர்ல உக்கார வச்சி சொன்னது இதுதான்: "போர்க்கைதின்னா குத்தவாளி இல்ல தம்பி. அவன் பேரு, ரேங்க்கு, பொறந்த தேதி, நம்பர், இந்த நாலத்தான் சொல்லணும், அஞ்சாவதா நீ எதையும் புடுங்க கூடாது. சொல்லலன்னா மிரட்ட கூட கூடாது." 1949 ஜெனிவா ஒப்பந்தம் மூணாவது, 17ஆம் பிரிவு. நான் வீட்டுக்கு வந்து படிச்சி பாத்தேன், பெரியப்பா சொன்னது அச்சு பிசகாம இருந்துச்சி, மிரட்ட கூடாது, அவமானப்படுத்த கூடாது, பதில் சொல்லலங்கறதுக்காக எந்த சங்கடமும் குடுக்க கூடாதுன்னு எழுதிருக்கு.

அவருக்கு எப்படி தெரியும்னா, 1971 போர்ல கிழக்கு பாகிஸ்தான்ல சரணடைஞ்ச கிட்டத்தட்ட 93,000 பேர், அதுல சிவிலியனும் உண்டு, நம்ம நாட்டுல பல ஊரு முகாம்ல இருந்தாங்க, பெரியப்பா 1972, 73ல ராஞ்சி முகாம்ல காவலுக்கு நின்னவரு. சின்ன வயசுல நாங்க கேட்டா துப்பாக்கி கதை சொல்ல மாட்டாரு, சப்பாத்தி கதைதான் சொல்லுவாரு. காலையில சாயங்காலம் தலை எண்ணுறது, செஞ்சிலுவை சங்கத்துக்காரங்க வந்தா கைதிங்க கூட தனியா பேச விடணும் நாங்க பக்கத்துல நிக்க கூடாதுன்னு ஆர்டர், மாசத்துக்கு ரெண்டு லெட்டர் நாலு கார்டுக்கு கம்மியா குடுக்க கூடாது, அவங்க பழக்கப்பட்ட சாப்பாடா இருக்கணும், ஒருத்தன் தப்பு பண்ணான்னு மொத்த பேருக்கும் சோத்துல கை வைக்க கூடாது. 22 வயசு பையன் அவரு அப்போ. எதிர்ல நிக்கிறவன் கையால நம்ம ஆளு எத்தனை பேர் செத்தானோன்னு ஆத்திரம் வராதான்னு ஒருக்கா கேட்டேன். "வரும்டா. வந்தா தண்ணி குடிச்சிட்டு வேற பக்கம் போய் நிக்கணும்"னாரு.

அதுக்காக நம்ம பக்கம் எல்லாமே சரின்னு அவரு சொல்ல மாட்டாரு, நானும் சொல்ல மாட்டேன். தப்பிக்க பாத்தவங்க சுடப்பட்டு செத்ததும் அந்த முகாம்ங்கள்ல நடந்துச்சி. சண்டை முடிஞ்சதும் தாமதம் இல்லாம அனுப்பணும்னு அதே ஜெனிவா ஒப்பந்தத்தோட 118ஆம் பிரிவு சொல்லுது, 1971 டிசம்பர் 16ல முடிஞ்ச போருக்கு கடைசி ஆளு போனது 1974 ஏப்ரல். பங்களாதேஷ் பேச்சு வார்த்தை, சிம்லா, டெல்லி ஒப்பந்தம்னு காரணம் ஆயிரம் உண்டு, ஆனா உள்ள இருக்குறவனுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல போனது போனதுதான்.

டிவி விஷயமும் சும்மா இல்ல. 13ஆம் பிரிவுல போர்க்கைதிய அவமதிப்புல இருந்தும் பொதுஜன வேடிக்கைல இருந்தும் காப்பாத்தணும்னு இருக்கு. 2019 பிப்ரவரி 27, நம்ம விமானி அபிநந்தன் பிடிபட்ட அன்னிக்கி, கண்ணு கட்டி மொகத்துல ரத்தத்தோட இருந்த வீடியோவ பாத்துட்டு தமிழ்நாட்டுல எத்தனை வீட்டுல சோறு எறங்கல. "அதை நான் சொல்ல கூடாது"ன்னு அவரு பதில் சொன்னதை நாம பெருமையா பேசினோமே, அந்த வார்த்தைக்கு பின்னாடி நிக்கிறதுதான் இந்த 17ஆம் பிரிவு. வேடிக்கை காட்டுறது ஒப்பந்தத்துக்கு விரோதம்னு அன்னிக்கி நம்ம அரசாங்கமே கண்டிச்சிது. மார்ச் 1ஆம் தேதி அவரு வாகா தாண்டி வர்ற வரைக்கும் டிவி முன்னாடி உக்காந்திருந்தோம். அதே காட்சிய செட்டு போட்டு 999 ரூபாக்கு நாமளே கை தட்டி பாக்கறதா.

இன்னொண்ணு எழுதணுமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கூட வந்த ஃபிரண்டு ரெண்டு பேர்ல ஒருத்தன் குறிஞ்சிப்பாடி அகதி முகாம்ல பொறந்து வளந்த பையன், ஈழத்துல இருந்து வந்த குடும்பம். வீடியோ ஆரம்பிச்ச ஒடனே அவன் எழுந்து வெளிய போய்ட்டான், போன் பேச போறான்னு நினைச்சோம். பெரியப்பா பிளக்க புடுங்குனதுக்கு அப்புறம் நான் வெளிய போய் பாத்தா வண்டி ஸ்டாண்டுல தனியா நிக்கிறான். "ஒண்ணுமில்ல அண்ணா, அப்பாவ அங்க ஒரு தடவை புடிச்சிட்டு போனாங்க, அவர் இப்பவும் தலைகாணி மூஞ்சில பட்டா எழுந்து உக்காந்துடுவார்"னு சொன்னான், அதுக்கு மேல சொல்லல, நானும் கேக்கல. உள்நாட்டு போர்ல பிடிபடுறவங்களுக்கு போர்க்கைதிங்கற அந்தஸ்து கூட கிடையாது, நாலு ஜெனிவா ஒப்பந்தத்துல அவங்களுக்குன்னு இருக்குறது, நாலுக்கும் பொதுவா இருக்குற மூணாவது பிரிவு மட்டுந்தான். அதுலயும் சித்திரவதை கூடாது, மானத்தை வாங்க கூடாதுன்னு எழுதித்தான் இருக்கு. நம்ம பக்கத்துல இப்படி எத்தனை குடும்பம் இருக்கு, அவங்க ஒரு பொறந்தநாளுக்கு சாப்பிட வந்தா எதிர்ல பெரிய திரைல இது ஓடணுமா.

அந்த பரோல் கட்டை பத்தியும் மேனேஜர் கிட்ட சொன்னேன், அது நல்லா இருக்கு அதை வச்சிக்கோன்னு. பரோல்ங்கறது பிரெஞ்சு வார்த்தை, வாக்குன்னு அர்த்தம், பாண்டில பிரெஞ்சு தெரிஞ்ச பெரியவங்களுக்கு தெரிஞ்சிருக்கும். பிடிபட்டவன் ஓட மாட்டேன்னு வாக்கு குடுத்தா கட்டு இல்லாம விட்டு வைக்கிற பழக்கம் அந்த காலத்துலயே இருந்துச்சி. 1761ல பாண்டி விழுந்து இங்கிலாந்துக்கு கைதியா போன பிரெஞ்சு தளபதி லாலி, அந்த வாக்கு பேர்லதான் பிரான்சுக்கு போக அனுமதி வாங்கினாரு. 1746ல மெட்ராஸ பிரெஞ்சுக்காரன் புடிச்சப்ப வாக்குல நின்ன ஆளுங்கள்ல ராபர்ட் கிளைவும் ஒருத்தர், குடுத்த நிபந்தனைய பாண்டி கவர்னர் டூப்ளே ரத்து பண்ணதும் வேஷம் மாத்தி தப்பிச்சி வந்து சேந்த எடம் எங்க தேவனாம்பட்டினம் கோட்டை. இந்த கதைய ஒரு போர்டுல எழுதி செல்லு செல்லுக்கு மாட்டலாம், ஜனங்க நின்னு படிப்பாங்க, இந்த ஊருக்குன்னே இருக்குற கதை. மேனேஜர் போன்ல நோட் பண்ணிகிட்டான்.

பையன் நல்லா இருக்கான். ராத்திரி கார்ல வரும்போது, பை மாட்டினதும் மூச்சு முட்டுன மாதிரி இருந்துச்சி, நிறுத்துங்கன்னு சொன்னேன், அதுவும் விளையாட்டுன்னு நினைச்சிட்டாங்க மாமான்னு சொன்னான். இதை இந்த கடைக்கு போற எல்லாரும் தயவு செஞ்சி கவனிங்க, உள்ள இருந்து நிறுத்த ஒரு பட்டன் கூட கிடையாது. ஆஸ்துமா, பிபி இருக்குறவங்கள கண்டிப்பா அனுப்பாதீங்க.

முந்தாநாள் போன் பண்ணி கேட்டேன். பைய எடுத்துட்டாங்களாம், டிவி லைவும் நிறுத்திட்டாங்களாம், 999 பேக்கேஜ் மட்டும் ஓனர் வெளியூர்ல இருந்து வந்ததும் பேசி சொல்றேன்னான். சாப்பாட்டுக்கு அஞ்சுக்கு நாலரை தரேன். இப்ப போறவங்க கருவாட்டு கொழம்பு பார்சல் வாங்கிட்டு வாங்க, உள்ள உக்கார்றதா இருந்தா அந்த ரூம் இன்னும் ஓடுதான்னு மொதல்ல கேட்டுட்டு உக்காருங்க. மூடிட்டாங்கன்னா இந்த ரிவ்யூவ மாத்தி கடை பேரோட போடுறேன், பெரியப்பாவையும் கூட்டிட்டு வரேன்னு அவன்கிட்ட சொல்லிருக்கேன், அவருக்கு அந்த களி ரொம்ப புடிச்சிருந்துச்சி.